சட்டியில் வளரும் மரமும் எமது கைகளும்

"பாதர், கிணத்துத் தண்ணியைக் கத்தரிக்கு விடுறதோ, உந்த விளையாட்டு மரத்துக்கு விடுறதோ?"

எனது அறை வாசலில் ஓர் ஓட்டை அலுமினியத் தட்டில் நின்ற இத்தி மரத்தைக் காட்டி, விவசாயி ஐயா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். பல வருடங்கள் வெங்காயமும் புகையிலையும் செய்து பழகிய கைகள் அவருடையவை. சொந்தக் காணியை விட்டு வந்தபின், உறவினர் ஒருவரின் வளவில் நாலு வரி கத்தரியும் இரண்டு வரி மிளகாயும் வைத்துக்கொண்டு நாளைக் கழிப்பவர். அன்று நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது. சோறும் தராத, நிழலும் தராத ஒரு மரத்துக்கு நாள்தோறும் தண்ணீர் விடுவது எதற்கு? அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்ல முயல்கின்றேன்.

போன்சாய் என்றால் என்ன?

'போன்சாய்' என்பது யப்பானியச் சொல். 'போன்' என்றால் ஆழங்குறைந்த சட்டி அல்லது தட்டு. 'சாய்' என்றால் நடுதல். சட்டியில் நட்டு வளர்த்த மரம் என்பதே இதன் பொருள். இக்கலை முதலில் சீனாவில் 'பென்ஜிங்' என்ற பெயரில் வளர்ந்து, அங்கிருந்து யப்பானுக்குச் சென்றது.

இதைப்பற்றி எம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. போன்சாய் என்பது ஒரு தனி இனம், அதற்கென்று குள்ள விதை உண்டு என்று பலர் நினைக்கின்றனர். அப்படியொன்றும் இல்லை. சட்டியில் நிற்கும் ஆலமரமும் தெருவோரத்தில் விழுது விட்டு நிற்கும் ஆலமரமும் ஒரே சாதிதான். வேரையும் கிளையையும் காலத்துக்குக் காலம் கத்தரித்து, கொஞ்ச மண்ணில் வைத்துப் பராமரிப்பதால் மாத்திரமே அது சிறிதாக நிற்கின்றது. அதைத் தூக்கி நல்ல நிலத்தில் நட்டுவிட்டால் மறுபடியும் பெருமரமாக வளரத் தொடங்கிவிடும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

காணி இழந்தவரின் மூன்று மரங்கள்

இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று சொல்லுவோர் உண்டு. இன்று பெரிய நகரங்களில் விற்கப்படும் மரங்களின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் யப்பானியர் தலைமுறை தலைமுறையாக மேடையில் நடித்துவரும் 'நோ' நாடகங்களுள் ஒன்று வேறு கதை சொல்கின்றது. அதன் பெயரே 'சட்டி மரம்' என்று பொருள்படும்.

கதை இதுதான். சானோ என்னும் ஊரைச் சேர்ந்த போர்வீரர் ஒருவரின் நிலங்களை அவருடைய உறவினரே பறித்துக்கொள்கின்றனர். மனைவியோடு ஒரு குடிசையில் வறுமையில் வாழும் அவரிடம் எஞ்சியிருப்பவை சட்டியில் வளர்த்த மூன்று மரங்கள்: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். பனி கொட்டும் ஓரிரவில் ஒரு துறவி தங்க இடம் கேட்டு வருகின்றார். வீட்டில் இருந்த தினைச் சோற்றைக் கொடுக்கின்றார்கள். குளிர் காய விறகு இல்லை. அப்போது அந்த மனிதர் ஆசையாக வளர்த்த மூன்று மரங்களையும் வெட்டி, விருந்தாளிக்காக நெருப்பு மூட்டுகின்றார். வந்தவர் உண்மையில் நாட்டை ஆண்ட ஹோஜோ தொக்கியோரி என்பவர். பின்னொரு நாள் அவர் அந்த வீரரை அழைத்து, பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்கின்றார். அத்தோடு பிளம், செர்ரி, பைன் என்ற மூன்று மரங்களின் பெயரையும் கொண்ட மூன்று ஊர்களையும் கொடுக்கின்றார்.

தொக்கியோரி 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். நாடகத்தின் சம்பவம் கதையாகவே இருக்கட்டும். ஆனால் அதில் இரண்டு உண்மைகள் உண்டு. முதலாவது, நிலம் போனபின்னும் அந்த மனிதர் மரம் வளர்ப்பதை விடவில்லை. இரண்டாவது, மனிதருக்குத் தேவை வந்தபோது மரத்தை வெட்டத் தயங்கவில்லை. ஆகவே ஐயாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைக்கின்றது. கிணற்றில் தண்ணீர் குறைவென்றால் கத்தரிக்குத்தான் முதலில் விடவேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் கிராமம்

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 1ஆம் திகதி டோக்கியோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பெரும் பூகம்பம் தாக்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூகம்பத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் நகரத்தின் பெரும் பகுதி எரிந்தது. அந்நகரில் மரம் வளர்த்து விற்றுப் பிழைத்த தோட்டக்காரர்கள் பலரும் பாதிக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் சுத்தமான காற்றும் தேடி, வடக்கே ஓமியா என்ற இடத்துக்குப் பெயர்ந்து சென்று, 1925இல் ஒரு கிராமத்தை உருவாக்கினர். அதுவே உலகப் புகழ்பெற்ற ஓமியா போன்சாய்க் கிராமம்.

1928இல் அவர்கள் தமக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டனர். இக்கிராமத்தில் குடியிருப்பவர் பத்து மரங்களாவது வைத்திருக்க வேண்டும். வருகின்ற எவருக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக்கூடாது. மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி அமைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் வகுத்த விதிகள் இவை. அயலவனின் மரத்துக்கு வெயில் மறைக்கக்கூடாது என்று மாடியைத் தவிர்த்தவர்களின் மனப்பக்குவம் எமது குடியேற்றத் திட்டங்களிலும் இருந்தால் எவ்வளவு நல்லது!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரம் வளர்ப்பது வீண் ஆடம்பரம் என்று கருதப்பட்டதால் அங்கும் பல தோட்டங்கள் மூடப்பட்டன. எனினும் கிராமம் அழியவில்லை. 1989இல் முதலாவது உலகப் போன்சாய் மாநாடு ஓமியாவில்தான் நடந்தது. 2010இல் அங்கே ஒரு போன்சாய் நூதனசாலையும் திறக்கப்பட்டது.

இன்னொரு மரத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். ஹிரோஷிமா நகரில் யமாக்கி என்ற குடும்பத்தார் 1625ஆம் ஆண்டு முதல் சட்டியில் வளர்க்கப்பட்டுவந்த ஒரு பைன் மரத்தைத் தமது தோட்டத்தில் வைத்திருந்தனர். 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு வீழ்ந்த இடத்திலிருந்து அத்தோட்டம் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தோட்டத்தைச் சுற்றியிருந்த சுவர் மரத்தைக் காத்தது. வீட்டாரும் கண்ணாடிச் சிதறல் பட்ட காயங்களோடு உயிர் தப்பினர். 1976இல் யப்பானியர் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கிய 53 மரங்களுள் அந்த மரமும் ஒன்று. கொடுத்தவர்கள் அது குண்டுக்குத் தப்பிய மரம் என்று பெரிதாகப் பறைசாற்றவில்லை. 2001இல் பேரப்பிள்ளைகள் இருவர் வாஷிங்டனுக்கு மரத்தைப் பார்க்கச் சென்றபோதுதான் அக்கதை அங்குள்ளோருக்குத் தெரியவந்தது. குண்டு போட்ட நாட்டின் கைகள் இன்று அந்த மரத்துக்குத் தண்ணீர் விடுகின்றன.

எமக்கு இது எதற்கு?

இதனால் பணம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். விலைபோகக்கூடிய ஒரு மரத்தை ஆக்குவதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். 'ஆறு மாதத்தில் வருமானம்' என்று எவராவது சொல்லிப் பயிற்சிக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனது கவலை வேறு. விவசாயம் புத்தகத்தால் வருவதல்ல. தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, இலை வாடுவதைக் கண்டு பிள்ளை கற்றுக்கொள்ளும் தொழில் அது. காணியை விட்டு வந்த குடும்பங்களில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகின்றது. முகாமிலும் வாடகை வளவிலும் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு செடியின் வேரைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கின்றார்கள்? காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதில் இறங்கி வேலை செய்யத் தெரிந்த கைகள் இல்லாவிட்டால் அந்தக் காணி விற்பனைக்குத்தான் போகும்.

ஒரு சட்டி மரம் இதில் பெரிய ஆசிரியர். ஒரு பிள்ளை அதை இரண்டு வருடம் பார்த்து வளர்த்தால் மண், நீர்வடிப்பு, வேர், வெயில், பசளை, கத்தரித்தல் எல்லாவற்றையும் கையால் கற்றுவிடும். கத்தரி ஒரு போகத்தில் முடிந்துவிடும். மரமோ பிள்ளையோடு சேர்ந்து வளரும். திடீரென்று வேறிடம் போகவேண்டி வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். செலவும் அனேகமாக இல்லை. ஆகவே கத்தரிக்கு விட்டபின் மிஞ்சுகின்ற ஒரு சிரட்டைத் தண்ணீரை இதற்கு விடுங்கள் என்பதே ஐயாவுக்கு எனது மீதிப் பதில். உப்போ சவர்க்காரமோ சேராத அரிசி கழுவிய நீரும் போதும்.

எப்படித் தொடங்குவது?

தொடங்குபவருக்கு ஆல், அரசு, இத்தி ஆகியவையே நல்லவை. பிழை செய்தாலும் எளிதில் சாகாதவை. புளியும் காகிதப்பூவும்கூட நல்லவை. கடையில் வாங்கத் தேவையில்லை. கிணற்றுக் கட்டிலும், பழஞ்சுவர் வெடிப்பிலும், கூரைத் தகட்டு ஓரத்திலும் பறவைகள் போட்ட விதையில் ஆலும் அரசும் முளைத்து நிற்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். விட்டால் சுவரைப் பிளந்துவிடும் என்று எப்படியும் பிடுங்கி எறிவோம். அந்தக் கன்றையே எடுங்கள். சுவரை நனைத்து, வேர் அறாமல் மெதுவாக இழுத்தெடுக்க வேண்டும். ஆனால் ஆளில்லாத வளவுகளுக்குள்ளும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்குள்ளும் கன்று தேடிப் போகவேண்டாம், பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். காட்டில் நிற்கும் மரங்களையும் பிடுங்கவேண்டாம். கன்று கிடைக்காவிட்டால் ஆலின் பெருவிரல் மொத்தத் தடியொன்றை வெட்டி நட்டாலும் வேர்விடும்.

மாரி தொடங்கும் வேளை நடுவதற்கு உகந்தது. பழைய பால்மாப் பேணி, உடைந்த வாளி, ஓட்டைச் சட்டி எதுவும் உதவும். அடியில் நாலைந்து துவாரங்கள் இருக்கவேண்டியது கட்டாயம். துவாரத்தின் மேல் பழைய நுளம்புவலைத் துண்டொன்றை வைத்தால் மண் ஒழுகாது.

இங்கே நான் செய்த பிழைகளைச் சொல்லவேண்டும். எனது முதலாவது கன்றைத் தோட்டத்துச் செம்மண்ணில் நட்டேன். நிலத்தில் பொன் விளையும் அந்த மண் சட்டிக்குள் இறுகிக் கல்லாகிவிட்டது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியது. இரண்டாவது கன்றை அழகுக்காக எழுதும் மேசையில் வைத்தேன். வெயிலில்லாமல் ஒரு மாதத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. மூன்றாவதை, அவசரப்பட்டு, பென்சில் மொத்தத்திலேயே சின்னத் தட்டில் வைத்துவிட்டேன். அது சாகவில்லை, ஆனால் வருடங்கள் கழிந்தும் பென்சிலாகவே நின்றது. அடிமரம் மொத்திக்க வேண்டுமானால் முதல் இரண்டு மூன்று வருடங்கள் பெரிய சட்டியிலோ நிலத்திலோ தாராளமாக வளரவிட வேண்டும். சின்னத் தட்டு அதன் பிறகுதான்.

மண் கலவைக்கு, உடைந்த செங்கல்லைப் பயற்றம் பருமனுக்கு உடைத்துத் தூளை அரித்து நீக்குங்கள். அதில் இரண்டு பங்கும், நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கும் போதும். தண்ணீர் விட்டவுடன் மேலே தேங்கி நிற்காமல் அடியால் வடிந்தால் கலவை சரி.

தண்ணீரை மணிக்கூட்டைப் பார்த்து விடவேண்டாம். மண்ணுக்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். மேல்மண் காயத் தொடங்கினால் அடியால் வடியும்வரை விடுங்கள். மழை நாட்களில் விடத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதங்களில் காலையும் மாலையும் விடவேண்டி வரும். சவர்த் தண்ணீர் உள்ள இடங்களில் உப்புச் சட்டியில் தங்கி வேரைக் கெடுக்கும். இயன்றவரை மழைநீரைச் சேர்த்து வையுங்கள். மரம் வெளியே வெயிலில் நிற்கவேண்டும். ஆனால் சிறிய சட்டி கடும் வெயிலில் கொதித்துவிடும். நண்பகலுக்குப் பின் கொஞ்சம் நிழல் கிடைத்தால் நல்லது.

தளிர் ஆறு எட்டு இலை விட்டதும் இரண்டு இலையை விட்டு மிகுதியைக் கத்தரியுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கத் தளிர்கள் வரும். இப்படியே கிளை நெருங்கும். ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வெட்டி, புதுக் கலவையில் வைக்கவேண்டும். மொத்த வேரை வெட்டி மெல்லிய வேரைக் காப்பாற்றுங்கள். உணவு எடுப்பது மெல்லிய வேர்தான். வேர் வெட்டியபின் இரண்டு கிழமை நிழலில் வையுங்கள். அந்நாட்களில் பசளை போடவேண்டாம். கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவது வழக்கம். ஆல் இனம் விரைவில் மொத்திக்கும். கிழமைக்கொரு முறை பார்த்து, பட்டையில் பதியுமுன் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கம்பி இல்லையென்றால் கிளையில் நூல் கட்டி ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டாலும் அது மெதுவாகத் தாழும்.

"மரத்தை வதைப்பது பாவமில்லையா?"

இப்படியும் சிலர் கேட்கின்றனர். முந்திரிகைக் கொடியை ஒவ்வொரு போகத்துக்கும் கத்தரிக்கின்றோம். புகையிலைக்குத் தலை முறித்துப் பக்க அரும்பைக் கிள்ளுகின்றோம். வேலிப் பூவரசை வருடந்தோறும் வெட்டிக் குழையெடுக்கின்றோம். அவை சாகவில்லை, தழைக்கின்றன. சட்டி மரமும் அப்படித்தான். பட்டினி போட்டால் அது குள்ளமாகாது, செத்துப்போகும். நூற்றாண்டுக் கணக்கில் வாழும் போன்சாய் மரங்கள் வயிறு நிறையப் பசளையும் தண்ணீரும் பெற்று வாழ்பவை. கத்தரிப்பவன் அதற்குரிய கவனிப்பையும் கொடுக்காவிட்டால் மட்டுமே அது வதை.

சட்டி போதும் என்று எவரும் சொல்லவேண்டாம்

முடிவாக ஒன்று. இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பார்க்க வரும் சிலர், இரண்டு பரப்புக்குள் அடங்கிய குடிசையையும் அதன் முன்னால் நிற்கும் நாலு பூச்சாடியையும் கண்டு, "இந்த இடத்துக்குள்ளும் நன்றாகத்தானே வாழப் பழகிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. சட்டி மரத்தைக் காட்டி அப்படியொரு நியாயம் பேசப்படுவதை நான் ஏற்கமாட்டேன்.

நிலத்தில் நிற்கும் ஆலமரம் எவருடைய கையையும் எதிர்பார்ப்பதில்லை. அதன் வேர் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே தேடிப் போகின்றது. சட்டியில் நிற்கும் மரம் நாள்தோறும் இன்னொருவர் கையை நம்பி வாழ்கின்றது. கோடையில் இரண்டு நாள் அந்தக் கை மறந்தால் அதன் கதை முடிந்தது. உழைத்து ஊருக்குச் சோறு போட்ட விவசாயக் குடும்பத்தை அந்த நிலையில் எக்காலமும் வைத்திருப்பது நீதியாகாது. மரத்தைச் சட்டியில் வைக்கலாம். மனிதருக்குக் காணி வேண்டும். அக்கோரிக்கையை எந்தச் சட்டியும் குறைக்கக்கூடாது.

தொடக்கத்தில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். எத்தனை வருடம் சட்டியில் நின்றாலும் அது பெருமரத்தின் சாதிதான். அதன் வேரை உயிரோடு காப்பாற்றி வைத்திருந்தால், நிலம் கிடைக்கும் நாளில் அதை நடலாம், அது வளரும். எமது பிள்ளைகளின் கைகளில் உள்ள விவசாயமும் அப்படியே.

ஆகவே வரும் மாரி தொடங்குமுன் உங்கள் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெடிப்பில் ஓர் ஆலங்கன்று நிற்கும். அதைப் பிள்ளையின் கையால் எடுப்பித்து, ஒரு பழைய பேணியில் நடச் செய்யுங்கள். கத்தரிக்குத் தண்ணீர் விட்டபின், மிஞ்சியதை அதற்கு விடச் சொல்லுங்கள்.